முதல் இழுப்பும் பதினேழாம் நம்பர் முத்திரையும்

வழியனுப்பு விழாவில் மைக்கை என் கையில் திணித்தார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்றேன். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கை தட்டினீர்கள். ஃபில்லிங் ரூம் பெண்களில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

நான் சொன்னது பொய். எல்லாருக்கும் எனக்கு நன்றி இல்லை. எனக்குச் சால்வை போர்த்திய மனிதருக்கு நன்றி இல்லவே இல்லை. அதை அந்த மேடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அஞ்சாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டால், விடை தெரிந்தும் நின்றுகொண்டே இருப்பேன். அந்த வகுப்போடு என் படிப்பும் முடிந்தது.

எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன். நோட்டில் எழுதித் தருவதை டெஸ்ட் ரிக் என்கிற சோதனை மெஷினில் இருக்கிற பெண் டைப் அடித்து, உங்களுக்கு ஆளுக்கொரு நகல் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். எழுத்துப் பிழையைத் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்கள் எல்லாரும் டிப்ளமோ படித்துவிட்டு எங்கெங்கோ ஊரிலிருந்து வந்து, ஆவடியிலும் அம்பத்தூரிலும் ரூம் எடுத்துத் தங்கி வேலை செய்கிறவர்கள். நாம் எண்ணெய் நிரப்புகிற இந்த டாம்பர் எதற்கு என்று உங்களுக்கு முதல் நாளே படம் போட்டுக் காட்டினார்கள். எனக்கு யாரும் காட்டவில்லை. நான் பாகம் கழுவுகிற ஆளாகச் சேர்ந்தவள். எதைக் கழுவுகிறேன் என்றே தெரியாமல் இரண்டு வருஷம் கழுவினேன். கேட்கக் கூச்சம். சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

எனக்கு விளக்கியது அந்த டெஸ்ட் ரிக் பெண்தான். பூந்தமல்லியிலிருந்து வருகிறவள், என் மகள் வயசு. ஒருநாள் கேன்டீனிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஆபீஸ் ஏசி ரூம் கதவுக்குக் கீழே நிறுத்தினாள்.

"மேல பாருங்கக்கா. கதவு படார்னு அடிக்காம ஒரு கை புடிச்சி மெதுவா உடுதுல்ல? அதுக்குள்ள எண்ணெய்தான். ஹெலிகாப்டர் தலைமேல நாலு றெக்கை சுத்துது. ஒவ்வொரு றெக்கையும் அடியில கதவு மாதிரி முன்னயும் பின்னயும் ஆடும். அந்த ஆட்டத்தைப் புடிச்சி நிறுத்தறது நீங்க கழுவுற சாமான்தான்."

"புடிக்கலன்னா?"

"தரையில நிக்கும்போதே மெஷின் ஆட்டம் புடிச்சிடும். நாலு றெக்கையும் ஒண்ணா இல்லாம ஒரு பக்கமா சேந்துக்கும். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள கவுந்துடும். உள்ள இருக்கிறவங்க இறங்கக்கூட நேரம் இருக்காது."

 இரண்டு வருஷமாக நான் கழுவினது என்ன என்று அன்றுதான் தெரிந்தது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகக் கழுவியிருப்பேனே! படிப்பு இல்லாதவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அடுத்தவரைச் சொல்லும் முன் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் நிரப்பும் மேசைக்கு என்னை மாற்றிய புதிதில், ஒரு டாம்பர் டெஸ்ட் ரிக்கில் ஒரு சொட்டு கசிந்தது. ரப்பர் சீல் சரியில்லை என்றார்கள். சீல் அனுப்பிய கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். வந்திருந்த பெட்டி முழுவதையும் ஒதுக்கி வைத்தார்கள். எனக்குத் தெரியும், சீல்மேல் தப்பில்லை. டாம்பருக்குள் ஓடுகிற தண்டைத் துடைத்த துணியின் ஓரம் பிரிந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். ஒரு நூல் உள்ளே போயிருக்கும் என்று மனசு சொல்லியது. வாய் சொல்லவில்லை. இரண்டு நாள் அந்தத் துணியை மடித்து மேசை டிராயரில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மூன்றாம் நாள் ஃபோர்மேனிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டாம்பரைப் பிரிக்கச் சொன்னார். சீலின் உதட்டுக்கு அடியில் மயிர் பருமனில் ஒரு வெள்ளை நூல் கிடந்தது. திட்டுவார் என்று நின்றேன்.

"ரெண்டு நாளா எங்கம்மா போயிருந்த?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மதியமே நூல் பிரியாத துணி எல்லா மேசைக்கும் வந்தது. அந்த மனிதர்தான் பின்னால் எனக்குப் பதினேழாம் நம்பர் முத்திரையை வாங்கிக் கொடுத்தார். படிப்பில்லாதவளுக்கு முத்திரையா என்று மேலே இருந்தவர்கள் கேட்டார்களாம். "அந்தம்மா கையில இருக்கிற வேலை உங்களுக்குத் தெரியல, எனக்குத் தெரியுது" என்று சொல்லி வாங்கினாராம். அதற்கு முன்னால் ஆறு வருஷம் நான் நிரப்பியதற்கு வேறு ஒருவர் முத்திரை வைத்தார். அவர் அந்த ரூமுக்கு உள்ளே வந்ததையே நான் பார்த்ததில்லை.

முத்திரை என்றால் உங்களுக்குத் தெரியும், சுண்டுவிரல் உயரம்தான் இருக்கும். ஒவ்வொரு டாம்பருக்கும் ஓர் அட்டை. யார் கழுவினார், யார் சீல் போட்டார், யார் எண்ணெய் நிரப்பினார் என்று அட்டையில் கட்டம் கட்டமாக இருக்கும். வேலையைச் செய்த கை அந்தக் கட்டத்தில் தன் நம்பரை வைக்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சாமான் கேட்டைத் தாண்டாது. என் பேரைக்கூட நான் அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

இனிதான் விஷயம்.

எண்ணெய் நிரப்பியதும் டாம்பரைத் தலைகீழாக நிறுத்தி ஒரு முழு நாள் விட்டுவிடுவது நம் வழக்கம். அதைத் தூங்கப் போடுவது என்போம். நம் எண்ணெய் தேன் மாதிரி கெட்டி. எவ்வளவு காற்று உறிஞ்சி எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் உள்ளே ஒளிந்திருக்கும். ஒரு நாள் தூங்கினால் அந்தக் காற்றெல்லாம் மெல்ல மேலே வந்து ஒன்றாகச் சேரும். திருகைத் திறந்து அதை வெளியேற்றி, குறைந்த எண்ணெயை ஊற்றி மூடி, மேசைமேல் இருக்கும் நெம்புகோலில் பூட்டிக் கையால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்போம். காற்று இல்லாவிட்டால் போகும்போதும் வரும்போதும் ஒரே பிடியாக இருக்கும். காற்று இருந்தால் திரும்புகிற இடத்தில் கை சட்டென்று காலியாகும், உடனே பிடிக்கும். விக்கல் எடுப்பது மாதிரி. முதல் இழுப்பில்தான் அது நன்றாகத் தெரியும். இழுக்க இழுக்க அந்தக் காற்று சின்னச் சின்னதாக உடைந்து எண்ணெயோடு கலந்துவிடும். அப்புறம் கைக்குத் தெரியாது. டெஸ்ட் ரிக்குக்கும் சரியாகத் தெரியாது. ஏனென்றால் அது முதலில் இருபது இழுப்பு இழுத்துச் சூடேற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் அளக்கும்.

ஃபோர்மேன் ரிட்டயர் ஆனபின் ஒரு புது மேனேஜர் வந்தார். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார், சட்டையில் சுருக்கமே இருக்காது. அவர் வந்த மாதமே தூங்கப் போடுவதை நிறுத்தினார். "எண்ணெயிலருந்துதான் காத்து எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு ஒரு நாள் சும்மா நிக்கணும்? ரெண்டு மணி நேரம் போதும்" என்றார். ஃபில்லிங் ரூமில் ஒருத்தரையும் கேட்கவில்லை. சுவரில் புதுத் தாள் ஒட்டினார்கள், அவ்வளவுதான்.

நானும் சும்மா இருந்தேன். அவர் படித்தவர், தெரியாமலா சொல்வார் என்று நினைத்தேன். இப்படி நினைத்ததற்கு என்னையே நான் எத்தனை தடவை திட்டிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா?

அந்தத் தாள் ஒட்டியபின் வந்த முதல் செட், நாலு டாம்பர். ஒரு செட் என்றால் நாலும் ஒன்று போலப் பிடிக்க வேண்டும். நான் நிரப்பினேன். இரண்டு மணி நேரம் நின்றது. இழுத்துப் பார்த்தேன். ஒன்று சரி. இரண்டு சரி. மூன்றாவதில் ஏதோ லேசாக இருந்தது. விக்கல் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கொட்டாவி வருகிற மாதிரி. நாலாவது சரி. டெஸ்ட் ரிக்கில் நாலும் பாஸ்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேனேஜர் அட்டைகளோடு என் மேசைக்கு வந்தார்.

"ஸ்டாம்ப் போடுங்கம்மா. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வாங்குற கம்பெனி இன்ஸ்பெக்டர் வரார். பேப்பர் எல்லாம் ரெடியா இருக்கணும்."

"மூணாவது ஒரு மாதிரி இருக்குது சார்."

"ரிக்ல பாஸ்தானே?"

"பாஸ்தான் சார். ஒரு நாள் நிக்கட்டுமே…"

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? நம்பர் சொல்லுங்க, எழுதிக்கறேன். இல்லன்னா ரிக்கை விட்டுட்டு உங்க கையை வெச்சே பாஸ் போட்டுடலாமா?"

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சிரித்தார். எனக்கு நம்பர் சொல்லத் தெரியவில்லை.  "இதோ சார்" என்றேன். அவர் அட்டைகளை என் மேசையில் போட்டுவிட்டு, "அஞ்சு மணிக்குள்ள என் டேபிளுக்கு வரணும்" என்று போய்விட்டார்.

போட மாட்டேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. போடவும் முடியவில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் இறங்கக்கூட நேரம் இருக்காது என்று அந்தப் பெண் சொன்னது காதிலேயே நின்றது. பாத்ரூமுக்குப் போனேன். கை கழுவினேன். திரும்பி வந்து முத்திரையை எடுத்துச் சுருக்குப் பையில் போட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அஞ்சு மணிச் சங்கு ஊதியதும் எல்லாரோடும் வரிசையில் நின்று கேட்டைத் தாண்டினேன். காவலாளி என் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பிவிட்டான்.

முத்திரையைக் கம்பெனிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அது எழுதி ஒட்டியிருக்கிற சட்டம், எனக்குத் தெரியும். ஆனால் என் முத்திரை அங்கே இருந்தால் ஏதோ ஒரு கை அதை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்துவிடும் என்று பயந்தேன். பட்டரவாக்கம் ஸ்டேஷன்வரை ஓட்டமும் நடையுமாக வந்தேன். யாரோ பின்னால் கூப்பிடுவது போலவே இருந்தது.

அண்ணனூரில் வீடு. என் வீட்டுக்காரர் அங்கே ஷெட்டில் எலெக்ட்ரிக் ரயில் பெட்டிகளைப் பார்க்கிற வேலையில் இருந்தவர். நான் முத்திரையைக் கோலமாவு டப்பாவுக்குள் புதைப்பதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாமே அது?"

சொன்னேன். முழுசும் கேட்டார். 

"பிரேக் சரியில்லன்னா நாங்களுந்தான் வண்டிய வெளிய உடமாட்டோம். அதுக்காக பிரேக்க கயட்டி ஊட்டுக்கு எடுத்துகினா வந்தோம்? இது உதவாதுன்னு நேரா நின்னு சொல்லணும். வாய் இல்லியா உனக்கு?"

"இல்லியே. இருந்தா இது எதுக்கு?"

"சரி சரி, அழுவாத. மாவு டப்பாவ மேல தூக்கி வெய்யி. காலையில கோலம் போடறப்போ தெருவுல போட்டுடப் போற."

காலையில் கேட்டிலேயே காவலாளி கை காட்டினான். "யக்கா, உன்ன நேரா ஆபீசுக்கு அனுப்பச் சொல்லிகீறாங்க. இன்னா பண்ண நீ? நேத்து நைட்டு நாலு தபா எனக்குப் போன் பண்ணிட்டாங்க. ஒரு கெய்வி எம்மாம் பெரிய சாமான தூக்கினு போயிருக்கும்னு நானும் யோசிச்சிகினே கீறேன்."

ஆபீசில் மேனேஜர், ஆள் சேர்ப்பது நீக்குவது எல்லாம் பார்க்கிற பர்சனல் ஆபீசர் இரண்டு பேரும் இருந்தார்கள். சுருக்குப் பையை அவிழ்த்து முத்திரையை மேசைமேல் வைத்தேன். கோலமாவு கொட்டியது.

"இதுக்கு என்ன பேர் தெரியுமா? திருட்டு" என்றார் மேனேஜர். "கம்பெனி சொத்தை ரவிக்கைக்குள்ள வெச்சிக் கடத்தியிருக்கீங்க."

அந்த வார்த்தையை எத்தனை வருஷம் ஆனாலும் மறக்க மாட்டேன். அத்தனை வருஷத்தில் ஒரு ஸ்க்ரூ நான் எடுத்ததில்லை. கீழே கிடக்கிற நல்ல ரப்பர் வளையத்தைப் பெண்கள் தலைமுடிக்கு எடுத்துக்கொள்வார்கள், அதைக்கூட நான் எடுத்ததில்லை.   மேசையில் கொட்டிய கோலமாவை முந்தானையால் துடைத்தேன்.

அதற்குள் பத்து மணியாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். நரைத்த மீசை, பெரிய தோள், முன்னால் ஹெலிகாப்டர்களுக்குத் தரையில் நின்று பழுது பார்த்தவராம். டெஸ்ட் ரிக் ரூமில் நாலு டாம்பரையும் வரிசையாக வைத்து, அட்டைகளைப் புரட்டினார்.

"பதினேழு எங்கே? நாலு அட்டையிலும் காலியா இருக்கே."

"சின்ன டிசிப்ளின் விஷயம் சார். ஆள் வந்தாச்சு, இப்பவே போட்டுடுவாங்க" என்று மேனேஜர் என்னை அழைத்து வரச் சொன்னார். என் முத்திரையை அவரே என் கையில் கொடுத்தார். மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். அரை மணிக்கு முன்னால் என்னைத் திருடி என்ற அதே மனிதர், அதே முத்திரையை என் விரலுக்குள் வைத்து அழுத்தச் சொல்கிறார்! அவருக்கு வேண்டும் என்றபோது என் கை சுத்தமான கை.

ரூமில் ஆறேழு பேர். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். முத்திரையை மையில் தொட்டேன். முதல் அட்டையில் வைத்தேன். இரண்டாவதில் வைத்தேன். மூன்றாவது அட்டைக்குமேல் கை நின்றுவிட்டது.

"போடுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், சாதாரணமாக.

"மூணாவது விக்கல் எடுக்குது சார்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"விக்கல் எடுத்தா தண்ணி குடுங்க" என்றார் மேனேஜர். இரண்டு பேர் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"என்ன சொல்றீங்கம்மா? எப்ப எடுக்குது?"

எனக்கு மறுபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது டெஸ்ட் ரிக் பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"முதல் இழுப்புல சார். நாங்க இருபது தடவை இழுத்து சூடு பண்ணிட்டுத்தான் அளக்கறோம். அதுக்குள்ள காத்து கலைஞ்சிடுது. அக்கா கையால இழுக்கறது முதல் இழுப்பு. இது நேத்து சாயங்காலத்துலருந்து நிக்குது, கலைஞ்ச காத்து மறுபடி சேந்திருக்கும். சூடு பண்ணாம முதல் இழுப்புலயே ரெக்கார்ட் பண்ணிக் காட்டட்டுமா?"

"அது புரொசீஜர்ல இல்ல" என்றார் மேனேஜர்.

"புரொசீஜர் நான் அப்புறம் படிச்சிக்கறேன். நீ போடும்மா" என்றார் இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்து.

அவள் முதலில் நாலாவதைப் பூட்டினாள். ஒரே ஒரு இழுப்பு. திரையில் கொழுத்த வாழைக்காய் மாதிரி ஒரு கோடு வரைந்து மூடிக்கொண்டது. அதுதான் நல்ல டாம்பர். அப்புறம் மூன்றாவது. அதே இழுப்பு. கோடு போனது, திரும்புகிற இடத்தில் தொப்பென்று விழுந்தது, கொஞ்ச தூரம் செத்துக் கிடந்தது, பிறகு எழுந்து போனது. இடுப்பில் கயிறு கட்டி இறுக்கிய மூட்டை மாதிரி இருந்தது படம். எனக்கு நம்பர் தெரியாது. ஆனால் நேற்றுக் கொட்டாவியாக இருந்தது ராத்திரி முழுக்க நின்று பெரிய விக்கலாக ஆகியிருந்தது. அதைப் படம் பார்த்தே சொல்ல முடிந்தது.

 இன்ஸ்பெக்டர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ராத்திரி பூரா தரையில குளிர்ந்துபோய் நிக்கும் சார் மெஷின். காலையில பைலட் ஏறி ஸ்டார்ட் பண்ணுவார். இருங்க, இருபது தடவை இழுத்துட்டு வரேன்னு அவர்கிட்ட யார் போய் சொல்றது?"

அந்த செட்டே வேண்டாம் என்று நாலு அட்டையையும் ஒன்றாக வைத்துக் குறுக்கே கோடு போட்டார். போகும்போது என் மேசையில் இருந்த நெம்புகோலைப் பார்த்துவிட்டு, அதைத் தன் கையால் ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அது போதும்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் எல்லாருக்கும் நன்றி சொல்லியிருப்பேன்.

மதியம் மறுபடி ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பர்சனல் ஆபீசர் ஒரு தாளை நீட்டினார். முத்திரையை வெளியே கொண்டுபோனதற்கு மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்றார். எனக்குப் பயமாகிவிட்டது. என் கையெழுத்து குழந்தை கிறுக்கின மாதிரி இருக்கும். அதைக் காட்டி இவர்கள் சிரிக்க வேண்டுமா?

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? நாங்களே விளக்கம் டைப் பண்ணிட்டோம். கீழ கையெழுத்து போட்டா போதும், எல்லாம் முடிஞ்சிடும்" என்றார்.

இங்கிலீஷில் இருந்தது. நான் தமிழில் என் பெயரை மெதுவாக எழுதினேன். எல்லாம் முடியட்டும் என்றுதான் எழுதினேன்.

நகலை மடித்துக் கேன்டீனுக்குக் கொண்டுவந்து டெஸ்ட் ரிக் பெண்ணிடம் காட்டினேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே வாங்கினாள். இரண்டு வரி படித்ததும் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அக்கா, எதுல கையெழுத்து போட்டீங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"விளக்கம்னு சொன்னாரே."

"விளக்கமா? கெட்ட எண்ணத்தோட, உற்பத்தியைத் தடுக்கறதுக்காக ஸ்டாம்ப்பை எடுத்துகினு போனேன், மன்னிச்சிடுங்கன்னு எழுதிகீது. விக்கலைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எழுந்திருங்கக்கா, வாங்க, இப்பவே போய் அவங்க மேசைலயே கிழிச்சிப் போடுறேன்."

நான்தான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "வேணாம் பாப்பா. உனக்குப் பொண்ணு கீது. உன் வேலையும் போய்டும்" என்றேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குத்தான் பயம். மறுபடி அந்த ரூமுக்குள் போய் நாலு பேர் முகத்தைப் பார்க்கிற பயம்.

அடுத்த மாதம் சுவரில் மறுபடி புதுத் தாள் ஒட்டினார்கள். முழு நாள் நிற்க வேண்டும், டெஸ்ட் ரிக்கில் முதல் இழுப்பையே பதிவு செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த வருஷ விழாவில் தரத்தை உயர்த்தியதற்காக என்று மேனேஜருக்குக் கேடயம் கொடுத்தார்கள். எதற்குத் தெரியுமா? முதல் இழுப்புச் சோதனையைக் கொண்டுவந்ததற்கு! கேன்டீனுக்குப் போகிற வழியில் கேடயத்தோடு அவர் சிரிக்கிற படம் மாட்டியிருக்கிறதே, தினமும் அதைத் தாண்டித்தான் நீங்கள் சாப்பிடப் போகிறீர்கள். நானும் ரிட்டயர் ஆகும்வரை தாண்டித்தான் போனேன். மேடையில் அவர் எனக்குச் சால்வை போர்த்தியபோது என் காதருகே, "பழசெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்கம்மா" என்றார். அவருக்குப் பழசு. என் ஃபைலில் அந்தத் தாள் இன்றைக்கும் இருக்கிறது. அதில் நான் திருடி. மன்னிப்புக் கேட்ட திருடி.

என் தப்பையும் மறைக்கவில்லை. முத்திரையைத் தூக்கிக்கொண்டு ஓடியது தைரியம் இல்லை. அன்று நாலு மணிக்கே, சிரித்தால் சிரிக்கட்டும் என்று, மூன்றாவது விக்கல் எடுக்குது, போடமாட்டேன் என்று சத்தமாகச் சொல்லியிருந்தால் அவர்களுக்குத் திருட்டு என்ற வார்த்தையே கிடைத்திருக்காது. நான் எடுத்துக்கொண்டு போனதால் பேச்சு டாம்பரை விட்டுவிட்டு முத்திரைமேல் போய்விட்டது. அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. உங்களுக்கும் நம்பர் சொல்லத் தெரியாத நாள் வரும். ஒரு மாதிரி இருக்கிறது என்பதே போதும். அதைச் சொல்லுங்கள், நிற்க வைத்துக் கேட்டாலும் சொல்லுங்கள், அட்டையில் பென்சிலாலாவது எழுதி வையுங்கள். நம்பர் கண்டுபிடிப்பது மேனேஜரின் வேலை, அதற்குத்தான் அவர் படித்திருக்கிறார். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கூட எழுந்து வருகிறேன் என்று ஒருத்தி சொன்னால் அவளை உட்கார வைக்காதீர்கள்.

பதினேழாம் நம்பரை இப்போது உங்களில் தருமபுரியிலிருந்து வந்த பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்களாம். நல்லது. அம்மா, அதன் கைப்பிடி இடுக்கில் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அழுக்கு என்று நினைக்காதே. அது கோலமாவு. எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். எனக்கு இவ்வளவு வருஷம் ஆகிவிட்டது. இதன் ஒரு நகலை அந்தப் பெண் ஆபீசிலும் கொடுப்பாள். என் ஃபைலில், அந்த இங்கிலீஷ் தாளுக்கு மேலே வைக்கட்டும். மூன்றாவது டாம்பர் விக்கல் எடுத்தது. அதனால் முத்திரை வைக்கவில்லை. இதுதான் என் விளக்கம். கீழே இருப்பது என் கையெழுத்து, இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டது.